காட்டிக்கொடுத்த பச்சைத் துண்டு

போன் அலறியது.

மறுபடியும்!

நீச்சல் கோச் எடுத்தாள். முகம் தெரியாத ஆண் குரல் ஒன்று குழைந்தது.

"மேடம்... தனி கிளாஸ் எடுப்பீங்களாமே? ராத்திரி கூட உண்டாமே...?"

"வீட்ல உங்கம்மா இருந்தா போனைக் குடுடா! அவங்ககிட்டயே பதில் சொல்றேன்!"

டொக்!

காலையிலிருந்து இதே கதை. யாரோ அவள் பெயரில் ஒரு போலிப் பக்கம் திறந்திருந்தான். அவளுடைய போன் நம்பர். படிக்கவே கூசும் சில வரிகள். மேலே அவள் போட்டோ... மொட்டை மாடியில், ஈரத்தலையோடு, நைட்டியில், சிரித்தபடி!

அந்தப் போட்டோதான் அவள் மண்டையைக் குடைந்தது.

அதை அவள் குடும்ப குரூப்பைத் தவிர எங்கேயும் போட்டதில்லை. குரூப்பில் இருப்பவர்கள் அவள் கணவன், அக்கா, அக்காவின் கணவரான மாமா, சித்தப்பா. வேறு ஈ காக்காய் கிடையாது!

அப்படியானால்... வெளியே விட்டது யார்?

நீச்சல்குள மேனேஜர் வேறு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"பேரண்ட்ஸ் கொதிக்கிறாங்கம்மா. சாயங்காலம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள இது நீங்க இல்லைன்னு நிரூபிங்க. இல்லைன்னா கௌரவமா ராஜினாமா பண்ணிடுங்க!"

"தப்பு பண்ணவன் எவனோ... நான் எதுக்கு சார் போகணும்?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் ஒரு கேமரா திரும்பியிருந்தது. அதைப் பற்றி இன்றைய கமிட்டியில் கேள்வி கேட்க இருந்தவளே அவள்தான். இப்போது அவளைப் பற்றியே பேசப்போகிறார்கள்!

சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. புகாரை வாங்கிக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"பக்கத்தை முடக்கிடலாம். ஆனா நாளைக்கே வேற பேர்ல வருவான். போட்டோ எந்த வழியா போச்சுன்னு தெரியணும். வீட்ல கலர் கலரா துண்டு இருக்கா?"

"துண்டா...?!"

"அதே மாடி. அதே நைட்டி. பக்கத்துல ஒரு நாற்காலி, அது மேல ஒரு துண்டு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர்ல போட்டோ எடுத்துத் தனித்தனியா அனுப்புங்க. மத்ததெல்லாம் ஒண்ணு போல இருக்கணும். எந்தக் கலர் வெளிய வருதோ, அவங்க பக்கம்தான் ஓட்டை!"

கணவனுக்கு மஞ்சள். மாமாவுக்கு நீலம். சித்தப்பாவுக்கு வெள்ளை. அக்காவுக்குப் பச்சை.

நீலம்தான் வரும் என்று கோச் பந்தயமே கட்டியிருப்பாள். எதையும் ஃபார்வர்ட் பண்ணாவிட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது.

மதியம் போலிப் பக்கத்தில் புதுப் போட்டோ முளைத்தது.

பச்சை!

அக்கா வீட்டுக் கதவு அதிர்ந்தது.

"ஏன்க்கா...? என்னை சந்தி சிரிக்க வெச்சு உனக்கு என்ன கெடைச்சுது?"

"அடி வாத்து! நான் யாருக்கும் காட்டலடி! பாப்பா மேல சத்தியம்!"

"அப்ப துண்டு தானா எழுந்து நடந்து போச்சா?"

"சண்டை அப்புறம். அந்தப் போனைக் குடுங்க" என்றார் கூடவே வந்திருந்த இன்ஸ்பெக்டர்.

மெசேஜ் ஆப்பின் செட்டிங்ஸைத் திறந்தார். 'இணைத்த சாதனங்கள்' என்ற இடத்தை அழுத்தினார். அங்கே... ஒரு கம்ப்யூட்டர்! கடைசியாக இயங்கியது: இன்று!

"எங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாதே மேடம்!"

"எங்கயாவது கம்ப்யூட்டர் திரையில கட்டம் கட்டமா ஒண்ணு வந்து, அதை இந்தப் போன்ல ஸ்கேன் பண்ணீங்களா?"

அக்காவின் முகம் வெளுத்தது.

"பாப்பாவை நீச்சல்ல சேர்த்தப்ப... பிறந்த சர்டிபிகேட் போன்ல இருந்துச்சு. பிரிண்ட் எடுக்கணும். அந்த மேனேஜர்தான், 'இதை ஸ்கேன் பண்ணுங்க மேடம், நானே எடுத்துத் தரேன்'னாரு..."

"எடுத்ததும் லாக் அவுட் பண்ணீங்களா?"

"அப்படின்னா...?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"பிரிண்ட் கைக்கு வந்துடுச்சு, நீங்க கிளம்பிட்டீங்க. ஆனா உங்க போனோட நகல் அங்கயே உக்காந்திருக்கு. இங்க வர்ற ஒவ்வொரு மெசேஜும் அதே நொடியில அங்கயும் வரும்!"

அந்தக் கம்ப்யூட்டரை நீக்க அக்காவின் விரல் பாய்ந்தது.

"நிறுத்துங்க! இப்ப அதை எடுத்தா சாட்சியும் கூடவே போயிடும்."

கோச்சின் கண்கள் சிவந்தன.

"அந்தக் கேமராவை மாட்டினதும் அவன்தான் மேடம்! கமிட்டியில நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு... என் வாழ்க்கையையே நாறடிச்சிருக்கான்!"

சாயங்காலம். நீச்சல்குள அலுவலகம். குளோரின் நெடி. வாசலில் கமிட்டிக்காரர்கள். கோச்சின் பின்னால் அக்காவும், சாதாரணப் புடவையில் இன்ஸ்பெக்டரும்.

மேனேஜர் புன்னகைத்தார். "ராஜினாமா கொண்டு வந்தீங்களாம்மா?"

"உங்களோடதை வாங்கிட்டுப் போக வந்தேன் சார். ஒரு நிமிஷம்... அக்காவுக்கு ஒரு மெசேஜ்."

அனுப்பினாள்.

டிங்!

சத்தம் வந்தது மேனேஜரின் கம்ப்யூட்டரிலிருந்து!

மேனேஜரின் கை மௌஸுக்குத் தாவியது. அதற்குள் இன்ஸ்பெக்டரின் கை அதன் மேல் இருந்தது. திரையில் அக்காவின் மெசேஜ்கள். பச்சைத் துண்டு. அதன் கீழே புத்தம் புதிதாக ஒரு வரி... 'வணக்கம் மேனேஜர் சார்!' பக்கத்திலேயே திறந்து கிடந்தது போலிப் பக்கம்!

"எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருந்தியேடா, பாவி!" கோச் மேஜையில் ஓங்கி அறைந்தாள். "அதுவும் எங்கக்கா நம்பித் திறந்துவிட்ட கதவு வழியா!"

திரையை இன்ஸ்பெக்டர் படம் பிடித்துக்கொண்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"இப்ப எடுத்துடுங்கம்மா. செட்டிங்ஸ்... இணைத்த சாதனங்கள்... அந்தக் கம்ப்யூட்டர்... லாக் அவுட். இனிமே வெளியில எங்க திறந்தாலும், நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுடணும். மறந்துட்டா, வீட்ல இருந்தே போன்ல செய்யலாம்."

அக்கா அழுத்தினாள். திரை சட்டென்று காலியானது.

மேனேஜர் இன்ஸ்பெக்டரிடம் குரலைத் தாழ்த்தினார். "மேடம்... என் போட்டோ கீட்டோ வெளிய வந்தா மானம் போயிடும். கொஞ்சம் பிரைவேட்டா..."

"கவலைப்படாதீங்க சார். ஸ்டேஷன்ல ரெண்டே போட்டோதான். நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு. துண்டு என்ன கலர்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க!"