ரிட்டர்ன் வந்த லேப்டாப்

மழை வலுத்த நேரத்தில்தான் அவன் கடைக்குள் ஓடி வந்தான். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டைக்குள் பிள்ளையைப் போல அணைத்திருந்த லேப்டாப் மட்டும் நனையவில்லை.

"மெக்கானிக் இல்லையா?" என்றான், ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தவளிடமே.

அவளுக்குச் சுள்ளென்றது. பின்னே, கையில் இருப்பது கரண்டியா என்ன?

"நான்தான். வைங்க."

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்... இமையில் மழைத்துளி நிற்க, செய்த தப்பு உறைத்து விழித்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள்... கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

பக்கத்துத் தெருவில் பல் டாக்டராம். படிக்கிற காலத்தில் வாங்கிய லேப்டாப். சார்ஜரைச் செருகினாலும் உயிர் வரவில்லை. புதுசு வாங்கிக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்களாம், மனசு வரவில்லையாம். அவள் மீட்டரை வைத்துப் பார்த்தாள். சார்ஜர் நன்றாகத்தான் இருந்தது. அதன் முனை நுழையும் 'பின்'தான் லேப்டாப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுற பல்லு மாதிரிதான் டாக்டர். பின் லூசாயிருக்கு."

"பிடுங்கிடுவீங்களா?"

"பிடுங்கிட்டு வேற வைக்கணும். பயப்படாதீங்க, வலிக்காது."

அவன் சிரித்தான். மழை எப்போதோ விட்டிருந்தது. அது அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் வாங்கிப் போனவன், அடுத்த வாரமே வந்து நின்றான். திரை இருட்டு, பீப் பீப் என்று சத்தம் மட்டும். திறந்து பார்த்தால் 'ராம்' என்கிற மெமரி அட்டை சரியாக உட்காரவில்லை. பென்சில் ரப்பரால் அதன் முனைகளைத் தேய்த்து மாட்டினாள், திரை பளிச்சென்று வந்தது. அவள் தேய்ப்பதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அல்லது ராமைப் பார்ப்பது போல வேறெதையோ...

கடை அவளுடைய அண்ணனுடையது. சரிசெய்து அனுப்பியது திரும்பி வந்தால் அங்கே அதற்கு 'ரிட்டர்ன்' என்று பேர். அண்ணன் தங்கமானவன்தான், ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பெண் கை பட்டால் ரிட்டர்ன் வரும் என்று நாலு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அந்த லேப்டாப் இன்னொரு தடவை வந்தால் அவள் பில் போட உட்கார வேண்டியதுதான், சர்வீஸுக்கு வேறு ஆள் வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அழுது, சண்டை போட்டு, அவள் வாங்கிய சர்வீஸ் மேசை அது.

மறுபடியும் வந்தது. சார்ஜரை எடுத்தால் அணைந்துவிடுகிறதாம். முகத்தில் கவலை என்று மருந்துக்கும் இல்லை.

பின்மூடியைக் கழற்றினாள். குப்பென்று கிராம்பு வாசனை.

லேப்டாப்புக்குள் ஏது கிராம்பு? பேட்டரி ஒயரின் முனை, ஒரு கீறல்கூட இல்லாமல் போர்டிலிருந்து பதவிசாக உருவப்பட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு பஞ்சிழை. பல் வலிக்கு வைக்கிற கிராம்புத் தைலத்தில் நாளெல்லாம் ஊறிய விரல்கள் யாருடையவை என்று கேட்கவா வேண்டும்?

"ராமையும் நீங்கதான் கழட்டினீங்களா?"

அவன் காது சிவந்துபோயிற்று. "வேற எப்படி இங்க வர்றது..."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு விளையாட்டு. எனக்கு இது ரிட்டர்ன்."

அண்ணன் சொன்னதையெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள். ஒயரைச் செருகி, மூடி, அவன் பக்கம் தள்ளினாள். இனிமேல் வராதீர்கள் என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, நிஜமாகவே போய்விடுவானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேடுகெட்ட மனசு...

அவன் வாசலுக்குப் போகவில்லை. லேப்டாப்போடு நேராகக் கல்லாவில் இருந்த அண்ணனிடம் போனான். அங்கே நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"சார், உங்க தங்கச்சி இதை முதல் தடவையே சரியாப் பண்ணிட்டாங்க. அப்புறம் வந்த கோளாறெல்லாம் நானாக் கழட்டி வச்சது."

"நீங்களா? எதுக்கு?"

எல்லாரும் திரும்பினார்கள். ஊர் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவனுக்குத் தன் வாயைத் திறக்க அவ்வளவு நேரமாயிற்று.

"அவங்களைப் பார்க்கத்தான். எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு சார். அவங்ககிட்டயே இன்னும் சொல்லல... ஆனா என்னால அவங்க மேசை போயிடக் கூடாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் அவனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், கோபப்படலாமா என்று யோசித்தான் போலிருக்கிறது. கடைசியில் கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப இது ரிட்டர்ன் இல்ல. நீ போய் உன் வேலையைப் பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான். அவள் வேலையைப் பார்க்கவில்லை. பின்னாலேயே வாசல்வரை வந்துவிட்டாள்.

"நாளைக்கு சாயந்தரம் கிளினிக்ல இருப்பீங்களா?"

"இருப்பேனே... ஏன், பல் வலியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஒரு பல்லும் வலிக்கல. உங்களைப் பார்க்கத்தான் வரேன்."