நூறாவது புலம்

ஒரு ஸ்லைடில் நூறு புலங்களை, அதாவது நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்குத் தெரியும் நூறு வட்டங்களை, பார்த்த பிறகே முடிவு எழுத வேண்டும் என்பது மலைநகர்ப் பரிசோதனைக் கூடத்தின் விதி. தமயந்தி தொண்ணூற்றாறாவது புலத்தில் இருந்தாள். அன்றைய கடைசி ஸ்லைடு அது. அதன் மேல் அவள் கணவன் பலராமனின் பெயர் இருந்தது.

வெப்பம் மிகுந்த அந்த நூற்றாண்டில் மணல் ஈக்கள் மலைவரை ஏறிவந்திருந்தன. அவை கடித்த இடத்தில் ஆறாத புண் தோன்றும்; மருந்தில்லையேல் ஓராண்டில் அது மூச்சுக்குழலை எட்டிவிடும். நோயை அறிய மூன்று முறைகள் இருந்தன. மரபணுப் பெருக்கி ஒட்டுண்ணியின் சிறு சுவட்டையும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும். அது 'ஆம்' என்றால் நகரைவிட்டு வெளியேற வேண்டும். ஆயினும் செத்த ஒட்டுண்ணிக்கும் அது 'ஆம்' என்றே சொல்லும் என்பதால், அரிதான மருந்தை அதன் சொல்லை நம்பி எவரும் தருவதில்லை. வெளியேற்றச் சந்தேகம் போதும். மருந்துக்கு மனிதக் கண் ஸ்லைடில் ஒட்டுண்ணியைக் காண வேண்டும். ஒட்டுண்ணியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புக் குழாய் இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும். அதற்கு மூன்று வாரம் ஆகும். வெளியேற்றும் வண்டியோ அன்றே நான்கு மணிக்குக் கிளம்பும்; போனவருக்குப் பின்னால் மருந்து போகாது.

பெருக்கி பலராமனுக்கு 'ஆம்' என்றிருந்தது. நூறாவது புலம் வெறுமையாக இருந்தது.

"சாதிக், நீ ஒரு தரம் பாரு. ஒண்ணே ஒண்ணு போதும்டா."

இரண்டாம் பார்வையாளனான சாதிக் குனிந்தான். "எப்படிக்கா இருக்கும்? எல்லாம் செத்த சதை. புண்ணு நடுவுல சுரண்டியிருக்காங்க. பூச்சி ஓரத்துலதான இருக்கும்? எந்தப் புண்ணியவான் எடுத்தது?"

"நான்தான்."

சாதிக் நிமிரவில்லை.

காலையில் ஓரத்தில் கத்தி பட்டதும் பலராமன் பல்லைக் கடித்தான். அவள் கை தானாக நடுவுக்கு நகர்ந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் வேறு எவருக்கும் அது அப்படி நகர்ந்ததில்லை.

"இன்னொண்ணு எடுத்துடுறேன். அஞ்சே நிமிஷம்."

"ஆளுக்கு ஒரு ஸ்லைடுதான்க்கா. ரெண்டாவதைப் பதிவேடு வாங்காது."

"அப்ப இருக்குன்னு எழுதிடு."

"நாம பார்க்குறதையெல்லாம் நுண்ணோக்கி படம் புடிச்சு அனுப்பிடுதுக்கா. உனக்குத் தெரியாததா?"

தமயந்தி கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். வண்டியின் கம்பிக்குப் பின்னால் பலராமன் அமர்ந்திருந்தான். அவனுக்கு அடுத்திருந்தவரின் புண்ணைச் சுற்றிய துணிக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அவர் மடியில் மருந்துப் பெட்டி இருந்தது. அவளைக் கண்டதும் பலராமன் அவரைத் தோளில் தட்டினான்.

"இவதான்யா எம் பொஞ்சாதி. உன்னை ரத்தம் வரச் சுரண்டிட்டாங்கன்னு அழுதியே, இவ கை பட்டா துளி வலிக்காது."