நனையாத சட்டை

அந்த அம்மா உட்கார மறுத்துவிட்டாள். "உக்காந்தா அழுதுடுவேன் சார். நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஊரே இன்ஸ்பெக்டர் என்றழைக்கும் அந்த மனிதர், தானும் எழுந்து நின்றுகொண்டார். பக்கத்தில் அவள் தரப்பு வக்கீல், நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய ஒரே மகன் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லோடுமேன். பன்னிரண்டு நாளுக்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஐந்தாவது மாடியில் ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் சூப்பர்வைசர் மண்டை உடைந்து செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். அருகிலேயே இவள் மகன், முகம் சிவந்து, மயங்கிக் கிடந்தான். மயக்கம் தெளிந்ததும், கீழே ஷெட்டில் தனியாக இருந்ததாகவும், சத்தம் கேட்டு ஓடி வந்ததாகவும் சொன்னான். யாரும் நம்பவில்லை.

"லிஃப்ட் ரிப்பேர் சார். உச்சி வெயில்ல அஞ்சு மாடி. ஓடி வந்த எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருந்தாங்க. இவன் சட்டையில மட்டும் பொட்டு ஈரம் இல்லையாம். அப்ப இவன் மேலயேதான் இருந்திருக்கான்னு போலீஸ் முடிவு கட்டிட்டாங்க."

"சட்டை காஞ்சிருந்துச்சுன்னு முதல்ல சொன்னது யாரு?"

"ஸ்டோர் கிளார்க்," என்று வக்கீல் முந்திக்கொண்டார். "இவனுக்கு அடுத்ததா வந்து சேர்ந்தவர். சாட்சி ரொம்ப பலமா இருக்கு சார்."

"ஜெயில்ல பையன் எப்படி இருக்கான்?"

"கை கால் எரியுதுன்னு கத்துறானாம். நடிக்கிறான்னு வார்டர் சொல்றாரு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சார். என் தம்பியும் இதே மாதிரி எரியுது எரியுதுன்னு புலம்புவான். முப்பத்தெட்டு வயசுல கிட்னி போய்ச் செத்துட்டான்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இந்தக் கண்ணாடிக்குப் போனப்பகூட, கண் டாக்டர் ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டாரு. நான் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்ல."

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "எந்தக் கண் டாக்டர்?"

மறுநாள் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், வக்கீலிடம் ஒரே ஒரு வேலை சொன்னார்: "பையனோட கண்ணைப் பரிசோதிக்கக் கோர்ட்ல அனுமதி வாங்குங்க."

"கண்ணையா? கொலைக் கேஸ் சார் இது!"

அனுமதி கிடைத்தது. விலங்கு மாட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் கருவிக்கு முன் மோவாயைப் பதித்தான்.

மூன்று நாள் கழித்து இன்ஸ்பெக்டரின் வேண்டுகோளின்படி எல்லோரும் அந்த ஐந்தாவது மாடியில் கூடினார்கள்: வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி, வக்கீல், ஸ்டோர் கிளார்க், அன்று ஓடி வந்த தொழிலாளிகள்.

"அந்தப் பையன் நிஜமாவே அஞ்சு மாடி ஓடி வந்தான். ஆனா அவனுக்கு வேர்க்காது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேர்க்காத ஆளா?" அதிகாரி சிரித்தார்.

"உடம்புல ஒருவிதக் கொழுப்பைக் கரைக்கிற சத்து அவனுக்குப் பிறவியிலேயே இல்ல. கரையாத கொழுப்பு கிட்னியில, நரம்புல, வேர்வைச் சுரப்பியில போய் படிஞ்சுடும். அதான் எரிச்சல். அதான் காஞ்ச சட்டை. சூடு வெளியேற வழியில்லாமதான் மயங்கி விழுந்தான். அதே கொழுப்பு கருவிழியிலயும் சுழிச் சுழியா படியும். ஒரு இதய மாத்திரையாலயும் அந்தச் சுழி வரும். ஆனா மாத்திரையே தொடாத அம்மா கண்ணுல அது இருக்கு. பையன் கண்ணுலயும் இருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்."

"அப்ப கொலை பண்ணது யாரு?" வக்கீலுக்குப் பொறுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு புகைப்படத்தை நீட்டினார். அன்று ஒரு தொழிலாளி தன் செல்போனில் எடுத்தது. வழக்குக் கட்டிலேயே கிடந்தது. "ஒரு ஆள் செத்துக் கிடக்கும்போது அடுத்தவன் சட்டை காஞ்சிருக்கான்னு யாருய்யா பார்ப்பான்? தன் சட்டையை நனைக்கணும்னு யோசிச்சவன்தான் பார்ப்பான். வேர்த்தா முதல்ல நனையறது அக்குள். கிளார்க் சாருக்குத் தோளும் நெஞ்சும் ஊறிப்போயிருக்கு, அக்குள் மட்டும் காஞ்சிருக்கு. அவர் கீழேருந்து ஓடி வரவே இல்ல, இங்கேயேதான் இருந்தார். இதோ, பத்தடி தூரத்துல குழாய்."

கிளார்க் மெல்லச் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். தான் துணி மூட்டைகளைப் பின்வாசல் வழியாகக் கடத்தியதைச் சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டதால் அடித்ததாக அன்று மாலையே ஒப்புக்கொண்டார்.

மகன் விடுதலையானான். ஆனால் ஜெயில் வாசலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. கிட்னி ஏற்கெனவே பாதி போயிருந்தது. மருந்து உண்டு, ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும், போனது திரும்பாது என்றார்கள்.

"ஜெயிச்சுட்டோம்மா," என்றார் வக்கீல், வராந்தாவில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "என் கிட்டேருந்துதானா சார் இது அவனுக்கு வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் ஆமென்று தலையசைத்தார்.

"எட்டு வயசுல, கால் எரியுதும்மா, பள்ளிக்கூடம் போகலேன்னான். நடிக்கிறான்னு நெனச்சு அந்தக் கால்லயே அடிச்சேன். தழும்பு இன்னும் இருக்கு."

அவள் உள்ளே போனாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தொட்டால் வலிக்குமோ என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, குனிந்து, மகனின் பாதங்களில் மெல்ல ஊதத் தொடங்கினாள்.