வெட்டாமல் விட்ட ஷாட்

பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாரிவாக்கம் போகிற சாலையில் ஜம்புலிங்கம் நடந்தபோது பகல் பதினோரு மணி. 1988, சித்திரை வெயில். இரண்டு மாதமாக மூவியோலா எடிட்டிங் மெஷினின் சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன வீட்டை அன்றுதான் நேரில் பார்க்கப் போகிறான்.

பதினோரு வருஷம் உதவி எடிட்டராகவே காலம் தள்ளியவன். டைட்டிலில் அவன் பெயர் தனியாக வரப்போகிற முதல் படம் இது. டைரக்டர் உத்தமனுக்கும் முதல் படம். பாழடைந்து கிடந்த தன் பெரிய மாமா வீட்டிலேயே முழுப் பேய்ப் படத்தையும் எடுத்து முடித்திருந்தான்.

படம் தேறாது என்று ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். போன வாரம் அதைப் பார்த்த விநியோகஸ்தர் கஜபதி மறைக்காமல் சொல்லியும் விட்டார்.

"கதைன்னு ஒண்ணும் இல்ல. ஹீரோ மூஞ்சி மரப்பலகை. சட்டி பறக்குது, அதோட நூலும் சேர்ந்து பறக்குது. புகை போடுறவன் இருமுறது கூடக் கேக்குது. பேய் என்னடான்னா கண்ணைக் கண்ணைச் சிமிட்டுது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா அந்தப் பின்கட்டு அறைக் கதவு திறந்து அவ வர்றா பாரு, ஒரு நாப்பது செகண்டு. என் முதுகே சில்லிட்டுப் போச்சு. அந்த மாதிரி பெருசா ஒண்ணு எடுத்துக் குடு. படத்தை நான் வாங்கிக்கிறேன்."

அந்த நாற்பது விநாடி ஜம்புலிங்கத்துக்கு மனப்பாடம். பேயாக நடித்த புஷ்பாவுக்கு விளக்கு பட்டால் இமை நிற்காது. அவள் சிமிட்டுகிற இடங்களைத் தவிர்த்து வெட்டி ஒட்டியே அவனுக்கு விரல் தேய்ந்துவிட்டது. அந்த ஒரு ஷாட்டில் மட்டும் அவள் சிமிட்டவே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தும் ஒரு தடவைகூட இல்லை.

பெரிய ஷாட்டுக்கு யோசனை சொன்னதும் அவன்தான். "வெட்டே வேண்டாம் உத்தமா. கதவு திறக்கணும். கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி அவள் போய்க்கொண்டே இருக்கணும். ஒரே ஷாட்."

அதைத்தான் இன்றைக்கு எடுக்கிறார்கள்.

வீடு நீளமான ஓட்டு வீடு. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிப் பகலை இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் வௌவால் எச்ச நாற்றம். அதையும் மீறி இன்னொரு வாடை. பல நாள் அலசாத தலையில் எண்ணெய் சிக்குப் பிடித்த வாடை. பின்கட்டை நெருங்க நெருங்க அது கனத்துக்கொண்டே போனது.

புஷ்பா கிணற்றடியில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனூர்ப் பெண். குரூப் டான்ஸில் ஆடிக்கொண்டிருந்தவள். எடிட்டிங் அறைக்கு எப்போது வந்தாலும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஷாட்டுல வர்றது நானா?"

"பின்னே யாரு?"

"நான் இல்லண்ணே." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். "அன்னிக்கி உள்ள போயி நின்னேன். கதவ சாத்தினாங்கோ. டைரக்டர் சார் 'ஸ்டார்ட்'னாரு. நான் கதவுல கை வெச்சேன். அதுக்குள்ள கதவு தானா தொறந்துச்சு. என் பக்கத்துலேந்து யாரோ வெளிய போனாங்கோ. இதே பொடவ கட்டிகினு. நான் உள்ளயே நின்னுகினு கீறேன். காலு வரல, வாயும் வரல. வெளிய எல்லாரும் கை தட்றாங்கோ. அப்புறம் அது திரும்பி உள்ள வந்துச்சு. அப்பால தான் நான் வெளிய வந்தேன்."

அவள் இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"இன்னிக்கி தெருவுக்கே போவச் சொல்றாரு. போனது திரும்பி வரலன்னா இன்னா பண்றது?"

அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு ஜம்புலிங்கம் பஸ் ஏறியிருக்கலாம். அவன் மனம் டைட்டில் கார்டைத்தான் நினைத்தது.

"பயத்துல அப்படித் தோணும் புஷ்பா. ஒரே ஒரு ஷாட்தான். நான் வெளியேதான் இருக்கேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

உத்தமன் குரல் கொடுத்தான். கேமரா ஓடத் தொடங்கியது.

கதவு திறந்தது.

வந்தவள் புஷ்பாதான். அதே முகம், அதே புடவை. கேமராமேன் பின்னாலேயே நடந்தபடி படமெடுக்க, அவள் கூடத்தைக் கடந்தாள். விளக்குகள் நேராகக் கண்ணில் அடித்தன.

இமை அசையவில்லை.

ஜம்புலிங்கத்தைத் தாண்டும்போது எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று அடித்தது. வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு வெயிலில் இறங்கினாள்.

"கட்!" என்று உத்தமன் கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் நிற்கவில்லை. நேராகத் தெருவில் போய்க்கொண்டே இருந்தாள். "பாருய்யா, கேரக்டர்ல அப்படியே ஊறிட்டா," என்று சிரித்துக்கொண்டே ஆள் அனுப்பி அழைத்துவரச் சொன்னான் உத்தமன். வந்தவள் யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்குள் வரவும் இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜம்புலிங்கம் ஓடிப் போய்ப் பின்கட்டு அறையை எட்டிப் பார்த்தான். காலி. வாடைகூட இல்லை.

மூன்று நாள் கழித்து அம்பத்தூர் எடிட்டிங் அறைக்கு, லேபில் கழுவிய அந்த ரஷ் பிலிம் வந்தது. டப்பிங்குக்கு உதவியாக டேப்பில் பிடித்திருந்த ஒலியையும் சேர்த்து ஓட்டினான். ஷாட் பிரமாதம். "கட்" கேட்டது. கைதட்டல் கேட்டது. அது அடங்கிய பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

டக். டக்.

மரத்தில் விரல் முட்டுகிற சத்தம்.

டக்.

"அண்ணே."

புஷ்பாவின் குரல். பக்கத்தில் இல்லை. நாலு சுவருக்கு அப்பால்.

"அண்ணே... கதவ தொறங்கண்ணே."

அன்று அந்தக் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அவனே பார்த்தான்.

உத்தமனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். உத்தமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. டேப்பை நிறுத்தினான்.

"எங்க பெரிய மாமாவோட மொத சம்சாரம் பஞ்சவர்ணம்னு ஒருத்தங்க. புத்தி சரியில்லன்னு அந்த ரூம்புலதான் பூட்டி வெச்சிருந்தாங்களாம். ஒம்போது வருஷம். 'தெருவ மட்டும் பாத்துட்டு வந்துடறேன்'னு கதவ தட்டிகினே இருப்பாங்களாம். அங்கயேதான் செத்துப் போனாங்க."

"தெரிஞ்சுமா அங்கே எடுத்தே?"

"பழைய கதைன்னு நெனச்சேன்பா." டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். "இத யாருகிட்டயும் சொல்லாத. கஜபதி நாளைக்கி கையெழுத்துப் போடறாரு."

ஜம்புலிங்கம் அண்ணனூருக்குப் போனான். ரயில்வே லைனை ஒட்டிய ஒற்றை அறை வீடு. புஷ்பாவின் அம்மா கன்னியம்மாள் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் பாயோடு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போகலியாம்மா?"

"ஊட்டுக்குள்ள கீறது எம் பொண்ணு இல்ல தம்பி." அழுது தீர்ந்த குரல். "அந்த மூஞ்சிதான். ஆனா என்ன அம்மான்னு ஒரு தபா கூப்புடல. தூங்கறதில்ல. எந்தக் கதவயும் சாத்த உடமாட்டேங்குது. பாரு."

பார்த்தான். வாசற்கதவு கீலோடு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. குளியல் தட்டி பிய்ந்து கிடந்தது. அலமாரிக்குக்கூடக் கதவு இல்லை. நடு அறையில் அவள் நின்றுகொண்டு, ரயிலை, தெருவை, போகிறவர் வருகிறவரை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்குக் கீழேயே நின்று கேட்டான்.

"தெருவைப் பாத்தாச்சுல்ல? ஒரு தடவை அந்த வீட்டுக்கு வந்துடுங்க. அந்தப் பொண்ணு பாவம்."

அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். புஷ்பாவின் வாய்தான். குரலும் அதுதான்.

"ஒம்பது வருசம் நான் தட்டினேன். யாரு தொறந்தாங்க?"

அவ்வளவுதான். மறுபடி தெருவைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் அவள் அந்த வீட்டில் இல்லை. திருத்தணிப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அரக்கோணத்தில் என்று இன்னொருவர். நடந்துகொண்டே இருந்தாளாம்.

படம் ஐப்பசியில் வந்தது. ஒரு வாரப் பத்திரிகை அரைப் பக்கம் விமர்சனம் எழுதியிருந்தது. கதை பலவீனம், நடிப்பு பலவீனம், தந்திரக் காட்சிகள் சிரிப்பு மூட்டுகின்றன. ஆனால் பேய் வெளியேறும் அந்த ஒரே ஷாட்டுக்காகப் பார்க்கலாம், அதை வெட்டாமல் விட்ட படத்தொகுப்பாளர் ஜம்புலிங்கத்துக்கு ஒரு சபாஷ். ஆவடித் தியேட்டரில் நாற்பது நாள் ஓடியது. தன் பெயர் திரையில் வந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு மூவியோலா முன்னால் உட்கார அவனால் முடியவில்லை.

இதற்கிடையில் வாரம் தவறாமல் பாரிவாக்கம் போய்வந்தான். அறைக் கதவைத் திறப்பான், கூப்பிடுவான், காத்திருப்பான். பதில் இருக்காது. மார்கழியில் ஒரு நாள் போனபோது வீடே இல்லை. உத்தமனின் மாமா மகன்கள் நிலத்தை மனை போட விற்றிருந்தார்கள். ஓடு, உத்தரம், கதவு, நிலை எல்லாம் லாரியில் போய்விட்டன. கிணற்றைத் தூர்த்து, தரையைச் சமன் செய்து, மூலைக்கு மூலை எல்லைக்கல் நட்டிருந்தார்கள்.

பின்கட்டு அறை இருந்த இடத்தில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்பு ஒரு தடவை அவன்தான் அவளுக்கு அந்த அறையைக் காட்டியிருந்தான். இப்போது தினமும் காலையில் வந்துவிடுகிறாளாம். ஜம்புலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நல்ல வெயில். சுற்றிலும் வெறும் மண். ஒரு செடிகூட இல்லை.

டக். டக்.

மரத்தில் முட்டுகிற சத்தம். நாலா பக்கமும் பார்த்தான். மரம் என்று சொல்ல அங்கே ஒரு குச்சிகூட இல்லை.

டக்.

அவன் பதறி எழுந்து மண்ணைக் கையால் பறித்தான். நகம் பெயர்ந்தது. உள்ளேயும் மண்தான்.

"தோண்டாத தம்பி. நானும் தோண்டிப் பாத்துட்டேன்," என்றாள் கன்னியம்மாள். அவள் கன்னத்தைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"பசிக்குதுன்றா."