எண்ணூறு கதிர் வெளிச்சம்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவிநாசி சாலை விடுதியின் கூடத்துக்குள் கோகிலவாணி நுழைந்ததும் இருநூறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் தோளில் குத்தியிருந்த நோக்கொளி என்ற சின்ன விளக்கு எண்ணூறு கதிரில் எரிந்தது. கோவைத் தொழில்முனைவோர் சங்கத்தில் அதுவரை யாரும் ஐந்நூறைத் தாண்டியதில்லை.

“எப்படீங்க்கா இது?” என்று வாயைப் பிளந்தார் சங்கச் செயலர் குழந்தைவேலு. “நானும் மூணு வருசமா முக்கறேன், இருநூத்தம்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது.”

“மனசார நெனைக்கோணுங்க, அவ்வளவுதான்” என்றாள் அவள். அதில் பொய்யே இல்லை.

முன்பெல்லாம் இந்தக் கூட்டங்களில் விசிட்டிங் கார்டைத் துண்டு நோட்டீஸ் மாதிரி விநியோகித்துவிட்டு, இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவார்கள். எதற்கு வந்தோம் என்று வந்தவருக்கே தெரியாது. நோக்கொளி அந்தக் கூத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாசலில் நின்று ஒரே ஒரு நோக்கத்தை மனதுக்குள் நினைக்க வேண்டும். தோலில் ஓடும் நுண்மின்னோட்டத்தை வைத்துக் கருவி அதைப் படிக்கும். நோக்கம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வெளிச்சம். அது நிறைவேற யாரைப் பார்க்க வேண்டுமோ, அவருக்கு எதிரே, கூடத்தில் இருக்கை ஒதுக்கும் மேசைப்பொறி இடம் போட்டுக் கொடுத்துவிடும். நோக்கம் இன்னதென்று மட்டும் யாருக்கும் காட்டாது. அந்தரங்கச் சட்டம் அப்படி. வெளிச்சம் கூடினால் நல்ல மனசு என்று சங்கத்துப் புத்திசாலிகள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். கருவியின் கையேட்டில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

கோகிலவாணி நினைத்தது இதுதான்: ரங்கநாயகத்தின் தொழிற்சாலையை இழுத்து மூட வேண்டும்.

இருவரும் கூட்டாளிகளாக இருந்தவர்கள். மணல் வந்தாலும் அடைக்காத ஆழ்குழாய் மோட்டார் ஒன்றை அவள் நான்கு வருடம் வரைந்து வரைந்து உருவாக்கினாள். ரங்கநாயகம் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டு அவளை வெளியே தள்ளினார். அதோடு விட்டாரா? மோட்டார் வெளியீட்டு விழாவில் அவள் எழுந்து கேள்வி கேட்டபோது, “இந்தம்மா நம்ம ஆபீஸ்ல டீ, காபி கவனிச்சுட்டிருந்தவங்க. பாவம், மனசு சரியில்ல” என்று மைக்கில் சொன்னார். கூடமே சிரித்தது. பிறகு தனியாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கிய பின்னும், அந்தச் சிரிப்போடுதான் அவள் தினமும் கண் விழித்தாள்.

மேசைப்பொறி அவளுக்கு உண்மையாக உழைத்தது. முதல் மாதம் ரங்கநாயகத்துக்கு வார்ப்பு செய்துகொடுப்பவரின் எதிரே உட்கார்த்தியது. அடுத்து அவருடைய பெரிய வாடிக்கையாளர். அவசரப்படாமல் அவர்கள் குறைகளைக் கேட்டாள், உண்மையிலேயே உதவினாள். எண்ணூறு கதிர் அம்மா ஒன்று சொன்னால் மறுப்பேது? ஒவ்வொருவராக ரங்கநாயகத்தை விட்டு நழுவினார்கள். ஒன்பதாம் மாதம் பொறி அவளைச் சிற்றரசு என்ற வரைவாளருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது. அவளுடைய பழைய வரைபடங்களில் பெயரை மாற்றி எழுதியது அந்த ஆள்தான்.

“என்னால தூங்க முடியலீங்க” என்றான் அவன், சட்டினியைப் பார்த்தபடி. “மூலப் படம் எல்லாம் எங்கிட்டயே இருக்குதுங்க.”

அந்தப் படங்களை வைத்து வழக்குப் போட்டாள், காப்புரிமை அவள் பெயருக்கு மாறியது. அடுத்த மாதமே ரங்கநாயகத்தின் வாசலில் பூட்டு தொங்கியது. கோகிலவாணி காரை நிறுத்தி அந்தப் பூட்டை ஆசை தீரப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வழியில் இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் கூடத்து வாசலில் நோக்கொளி பதினொரு கதிர் காட்டியது.

துடைத்துப் பார்த்தாள். வேறு கருவி வாங்கிக் குத்திப் பார்த்தாள். ‘ஏற்றுமதி’ என்று நினைத்தாள். ‘புதிய தொழிற்சாலை’ என்று நினைத்தாள். பதினொன்று பன்னிரண்டு ஆனதே தவிர அசையவில்லை. அவள் மனதில் ஆழமாக வேறெதுவும் மிச்சமில்லை.

மூன்றே வாரத்தில் சங்கம் அவளைக் கண்டுகொள்ளாமல் ஆனது. “அக்காவுக்கு இப்பக் காசு வந்துருச்சு, மனசு போயிருச்சு” என்று காதுபடவே பேசினார்கள். புதிய தொழிற்சாலைக்குக் கைகொடுப்பதாகச் சொன்ன மூவரும் போனை எடுக்கவில்லை. மேசைப்பொறி அவளைக் கழிப்பறைப் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்த்தியது.

நான்காம் வியாழன், வாசலில் ஒரே சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தாள். கசங்கிய சட்டையோடு ரங்கநாயகம் நின்றிருந்தார். அவர் மார்பில் நோக்கொளி தொள்ளாயிரத்து நாற்பது கதிரில் எரிந்தது.

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் போயும் மனுசன் மனசப் பாருங்க! தங்கமுங்க, தங்கம்!” என்று கட்டிப்பிடித்தார். ஆளுக்கொரு பக்கம் கையைக் குலுக்கினார்கள்.

மேசைப்பொறி அவருக்கு இடம் காட்டியது. அது கோகிலவாணிக்கு எதிர் நாற்காலி.

அந்த வெளிச்சம் எதனால் வருகிறதென்று இருநூறு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து கத்திவிடலாம் என்று வாய் வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்?

ரங்கநாயகம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அவசரமே இல்லீங்கம்மா. உங்க தொழில ஒண்ணொண்ணாத் தெரிஞ்சுக்கறேன்” என்று புன்னகைத்தார்.

“யோசிக்காதீங்க்கா!” என்றார் குழந்தைவேலு, இருவர் தோளிலும் கைபோட்டு. “உங்க கம்பெனிக்கு இப்ப இப்படி ஒருத்தர்தான் வேணும். சாவியக் கையில குடுத்துருங்க.”

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், கோகிலவாணியும் கைதட்டினாள்.