வந்து சேரும் சத்தம்

மிக்ஸியைப் போடுவதற்கு முன் பூவிழி சமையலறைச் சுவரில் இருந்த ஒலிக்கடத்தியைத் திறந்துவிட்டாள். தேங்காய் அரைபடும் இரைச்சல் முழுவதும் அதற்குள் போய் அடங்கியது. கோயம்புத்தூரில் இப்போது எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். சத்தத்தை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஊருக்கு வெளியே இருக்கும் ஒலிக்கிடங்குகளில் அது போய்ச் சேருகிறது என்று எல்லோரையும் போல அவளும் நினைத்திருந்தாள்.

ஆனால் அவள் வீட்டில் மட்டும் ஏனோ அமைதி நிற்கவில்லை. குக்கர் வைக்காத நேரத்தில் விசில் கேட்டது. லாரியே நுழையாத சந்தில் லாரி ஹாரன் அடித்தது. சொற்கள் ஒருநாளும் வந்ததில்லை, வெறும் சத்தம்தான். "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்" என்பார் கணவர் நாச்சிமுத்து.

புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது பூவிழியின் தொழில். இயந்திரக் குரல்கள் மலிந்துபோன காலத்தில், மனிதர் வாசித்தது என்பதற்கான 'உயிர்க்குரல்' முத்திரை இருந்தால்தான் நல்ல விலை. முத்திரை வேண்டுமானால் நிசப்தமான அறை வேண்டும். அவள் போய்வந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் வீட்டிலேயே ஓர் அறை தயாரானால் பெரிய நாவல் ஒன்றைத் தருவதாகப் பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். ஆகவே பின்கட்டு அறையை ஸ்டுடியோவாக மாற்றத் திட்டம் போட்டு, ஒலியமைப்பாளர் ஷாகுலை வரச்சொன்னாள்.

அவள் போட்டிருந்த செலவுக் கணக்கை ஷாகுல் நிதானமாகப் பார்த்தார். "மைக்குக்கு இவ்வளவு வேண்டாங்க. இதுல பாதி போதும். மிச்சத்தைக் கதவுக்குப் போடுங்க. கதவு சரியில்லீன்னா எந்த மைக்கும் ஒண்ணும் பண்ணாது."

பிறகு ஒலிமானியை அறை நடுவில் வைத்தார். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்கு வெளிய இருந்து சத்தம் வந்துட்டு இருக்குதுங்க."

"வருதா? போகத்தானே செய்யும்?"

"கிடங்கெல்லாம் எப்பவோ நெறஞ்சுபோச்சுங்க. இப்ப ஒரு வீட்டுச் சத்தத்தை வெளிய தள்ளோணும்னா, இன்னொரு வீடு சம்மதிச்சு வாங்கிக்கோணும். பேச்சை மட்டும் வடிகட்டிருவாங்க. நீங்க வாங்கிக்கற வீடுங்க."

"நான் எதுக்கும் சம்மதிக்கலீங்களே."

"உங்க வீட்டுக்காரர் பேருல இருக்குதுங்க. ரெண்டு வருசமா."

பூவிழிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒலிமானி தவறாகக் காட்டுகிறதோ என்றுகூட நினைத்தாள். ஷாகுல் ஆறுதலாகச் சொன்னார்: "ரத்து பண்ணிறலாங்க. சத்தம் வந்த எடத்துக்கே திரும்பிப் போயிரும்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து உள்ளே வந்தார்.

"ரத்து பண்ணாத, பூவிழி. அது கோதை வீட்டுச் சத்தம்."

கோதை அவளுடைய ஒரே தங்கை. அப்பாவின் வீட்டை விற்பதில் இருவருக்கும் மனஸ்தாபம். அதன்பின் பூவிழி எத்தனை முறை அழைத்தும் கோதை போனை எடுக்கவேயில்லை. அவ்வளவு ரோஷமா என்று இவளும் விட்டுவிட்டாள்.

"அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு. பொழச்சுட்டா. ஆனா சத்தம் தாங்கறதில்ல. கரண்டி கீழ விழுந்தாலே துடிச்சுப் போறா. அந்த வீட்டுச் சத்தத்தை வாங்கிக்க ஒருத்தரும் வரல. அவ வீட்டுக்காரர் எங்கிட்ட வந்து நின்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் வேண்டாம்னு எழுதிக் காட்டினா. 'குரல வெச்சுப் பொழைக்கறவ எங்கக்கா. அந்தக் குரலே எனக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா'ன்னு."

பூவிழி அங்கேயே உட்கார்ந்தாள். கணவர்மேல் கோபப்படுவதா, தங்கைமேலா, இரண்டு வருடம் வீராப்பாக இருந்த தன்மேலா என்று தெரியவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. சுவருக்குள் எங்கேயோ ஒரு குழாய் திறந்து மூடியது. கோதை பாத்திரம் கழுவுகிறாள் போலும்.

"இந்தச் சத்தம் இருக்கும்போதே ரூம் கட்ட வழியிருக்குதுங்களா?" என்று ஷாகுலைக் கேட்டாள்.

"எத்தன தடுப்பு வெச்சாலும் சுவருக்குள்ளயே வந்து எறங்குதுங்க. முத்திரை கெடைக்காது."

"அப்ப ரூம் வேண்டாங்க."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஷாகுல் ஒலிமானியைப் பையில் வைத்தார். அன்றைக்கே பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டாள். நாவல் வேறொருவர் கைக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சூலூருக்குப் போனாள். கோதை வீட்டு அழைப்புமணிக்கு ஓசையில்லை. பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு விளக்கு மினுங்கி அணைந்தது. கதவைத் திறந்த கோதை மிகவும் இளைத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் நின்றவள், பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

அப்படியொரு அமைதியைப் பூவிழி எந்த ஸ்டுடியோவிலும் கண்டதில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த ஒவ்வொரு சொல்லும் இந்த வீட்டுக்குப் பெரிதாகத் தோன்றியது. எவ்வளவு தாழ்வாகப் பேசினால் வலிக்காது? ஆயிரம் பக்கங்கள் வாசித்த தொண்டைக்கு அது தெரியவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கோதை கையை நீட்டி அக்காவின் தொண்டைமேல் வைத்தாள். பேசு என்பதுபோல் தலையசைத்தாள்.

"கோதை" என்றாள் பூவிழி, தன்னால் முடிந்த மட்டும் தாழ்வாக.

கோதையின் புருவங்கள் வலியில் சுருங்கின. பூவிழி பதறி நிறுத்தினாள். ஆனால் தொண்டைமேல் இருந்த கை விலகவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, கோதை மறுபடியும் தலையசைத்தாள்.