காய்ச்சலுக்குக் காத்திருந்தவள்

காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்த மாமியாரின் கை வழக்கத்தைவிட நெடுநேரம் அங்கேயே இருந்தது. சூடு இல்லை என்று தெரிந்ததும் கிழவி பெருமூச்சு விட்டாள். நிம்மதியில் வந்த மூச்சாக அது லியெனுக்குப் படவில்லை.

கணவன் தோவான் சரக்குப் படகில் வேலை பார்த்தவன். நெஞ்சில் சளி கட்டி ஹைஃபாங் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவனுக்கு எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. தெரிந்த வாரமே போய்விட்டான். காரியம் முடிந்ததும் பேட்டைச் சுகாதார நிலையத்தில் லியெனின் விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனால் அங்கிருந்த நர்ஸ் ஹுவே அவளை எழுந்திருக்க விடவில்லை.

"தங்கச்சி, இப்ப இல்லன்னு வர்றத நம்பிடாத. கிருமி உள்ள வந்திருந்தாலும் உடனே தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில நரம்புல ரத்தம் எடுத்துப் பாத்தா ஆறரை வாரத்துல உறுதியாச் சொல்லிடலாம். இங்க விரல்ல குத்துற சோதனைதான் இருக்கு. இதுக்கு, நீ அவரோட கடைசியாச் சேந்திருந்த நாள்லேர்ந்து மூணு மாசம் போகணும்."

சேர்ந்து சாப்பிடுவதில், கட்டிக்கொள்வதில் ஒட்டாது என்றாள் ஹுவே. அப்படியே இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, பேரன் பேத்தி பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

ஒதுக்கி வைப்பாள் என்று பயந்துகொண்டேதான் லியென் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். கிழவி ஒதுக்கவில்லை. அன்றே தன் பாயை மருமகளின் கட்டிலடியில் விரித்துக்கொண்டாள். தன் கிண்ணத்து மீனை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தாள். லியென் லேசாகக் கனைத்தால்கூட, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து, அடுத்த கனைப்பு வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது தூறல் காலம். இரண்டு பக்கமும் அண்டை வீடுகள் நெருக்க, குழாய்போல் நீண்டு உள்ளே போகப்போக இருட்டும் அந்த வீட்டில், சுவர்கள் நாள் முழுக்க வியர்த்தன; தரை ஓடுகள் ஈரத்தில் மங்கிப் பாலாடை படிந்ததுபோல் கிடந்தன; காயாத துணியின் வாடையும் ஊதுவத்திப் புகையும் கலந்து மாடிப்படி வரை ஏறி, போக வழியில்லாமல் திரும்ப இறங்கின. ஜன்னலைத் திறக்க மாமியார் விடுவதில்லை. உள்ளே இருப்பவனுக்குக் குளிரும் என்பாள். எவனுக்கு என்று லியென் கேட்கவில்லை.

ஆறரை வாரம் ஆனதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். துக்க வீட்டுப் பெண் நூறு நாளுக்குள் ஊர் சுற்றக்கூடாது என்றாள் மாமியார். மறுநாள் ஸ்கூட்டர் சாவி மாட்டிய இடத்தில் இல்லை. லியென் சண்டை போடவில்லை. போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்ததில் அவளுக்கே உள்ளூர ஒரு ஆறுதல் இருந்தது.

ஒரு மத்தியானம் முன்கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டு லியென் படியில் நின்றாள். பூஜை மாடத்தில் தோவானின் படத்துக்கு முன்னால் கிழவி குந்தியிருந்தாள்.

"கொஞ்சம் பொறுடா கண்ணு. இன்னும் வரல. அந்தச் சோதனைக்கு மூணு மாசம் ஆகுமாம்."

பிறகு பேசாமல் இருந்தாள். ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம்.

"தெரியும்டா. தனியா இருக்கறது கஷ்டந்தான்."

லியென் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறினாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உடம்பு மெலிந்தது. மெலிய மெலிய, மாமியாரின் முகம் தெளிந்தது.

மூன்று மாதம் தாண்டியும் கிழவி வெளியே விடவில்லை. தோவான் செத்த நூறாம் நாள் காலையில், லியென் படையலுக்குக் கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லி, செருப்புகூட மாட்டாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். ஹுவே விரலைக் குத்தினாள். இருவரும் காத்திருந்தார்கள்.

"இல்ல தங்கச்சி. இது கடைசி முடிவு. இனிமே இதுக்காகப் பயப்படாத. போய் வயிறாரச் சாப்பிடு."

லியென் தெருவில் நின்று அழுதாள். பையை எடுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் தாய்பின் என்ற ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். நல்லபடியாகச் சொல்லிக்கொண்டே போகலாம். மகனைப் பறிகொடுத்தவள்தானே.

வீட்டுக்குள் புகை. படையல் பரப்பியிருந்தது. உறவுக்காரர் யாரையும் காணவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. உறுதியாச் சொல்லிட்டாங்க."

லியென் நீட்டிய சோதனைக் காகிதத்தைக் கிழவி பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் போய் இரும்பு ஷட்டரை இழுத்தாள். தெருச் சத்தம் அறுந்தது. பூட்டு விழுந்தது. சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் காகிதம் இங்க இருக்கறவங்களுக்குத்தாம்மா," என்றாள், தாலாட்டும் குரலில். "அவனுக்கு என்ன தெரியும்."

லியென் மாடத்தைப் பார்த்தாள். தோவானின் படம் ஓரமாக நகர்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு சட்டம். கல்யாணப் படத்திலிருந்து வெட்டிய அவள் முகம். மேலே கறுப்பு ரிப்பன். முன்னால் அவளுக்கென்று தனி ஊதுவத்திக் கிண்ணம். அது நிரம்பி வழிந்தது. ஒரு நாளில் சேர்ந்த சாம்பல் அல்ல.

ஷட்டரைக் குத்தினாள். கத்தினாள். வெளியே தூறல் மட்டும்.

"வந்துட்டா," என்றாள் கிழவி, உள்வீட்டைப் பார்த்து. "இறங்கி வாடா."

மாடிப்படியில் ஓசை இல்லை. ஆள் இல்லை. ஆனால் படியடியில், ஈரம் பூத்த ஓட்டில், ஒரு பாதம் பதிந்தது.

வெறும் பாதம். ஆணுடையது.

அதற்கு முன்னால் இன்னொன்று.

லியென் முதுகை ஷட்டரோடு ஒட்டிக்கொண்டாள். கையில் காகிதம் நைந்தது.

பாதங்கள் அவசரப்படவில்லை. மேசையைச் சுற்றின. கிழவியைக் கடந்தன. லியெனின் கால்விரல்களுக்கு எதிரே, விரலோடு விரல் தொடும்படி, இரண்டும் சேர்ந்து நின்றன.